மரத்துப் பெண்ணுக்கு இல்ஃபோர்டில் வீடு பார்த்தோம்

பழைய கிரேக்கக் கதைகளில் மரங்களுக்குள் பெண்கள் இருக்கிறார்கள். ஓக் மரத்தில் ஒருத்தி, ஆஷ் மரத்தில் ஒருத்தி என்று ஆளுக்கொரு மரம். தெய்வம் என்று சொல்லும் அளவுக்குப் பெரியவர்கள் இல்லை, மனிதர்களும் இல்லை. அவர்களில் சிலருக்கு மரமே உயிர். மரம் சாய்ந்தால் அவளும் சாவாள். இவர்களையும் நம் ஊர் மரங்களில் இருப்பவர்களையும் ஒப்பிட்டு நான் செய்துவரும் ஆய்வைப் பற்றிப் பேச லண்டனிலிருந்து அழைப்பு வந்தது. விஷயத்தைச் சொன்னதும் அப்பா கேட்டது ஒன்றுதான். "அங்க மரம் வெட்டறவங்க எவ்வளவு கூலி வாங்கறாங்க, கேட்டுட்டு வா."

அப்பா மரம் வெட்டுகிறவர். ஊத்தங்கரையைச் சுற்றி அவருடைய கோடரி படாத புளியந்தோப்பு குறைவு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அதன்பிறகு கல்லூரி, இப்போது சென்னையில் முனைவர் பட்ட ஆய்வு. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடமும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

திங்கட்கிழமை பிற்பகல் இல்ஃபோர்டில் வசந்தி அக்காவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். என்னோடு படித்த தோழிக்குத் தெரிந்த குடும்பம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பன்னிரண்டு வருடம் ஜெர்மனியில் இருந்து, மகளை ஆங்கிலத்தில் படிக்க வைப்பதற்காக லண்டனுக்கு மாறி வந்தவர்கள். அந்த மகள் இப்போது மான்செஸ்டரில் படிக்கிறாள். அவளுடைய அறையில் எனக்கு இடம் கிடைத்தது. சுவர் முழுக்க அவள் தோழிகளின் படங்கள். தூங்கப் போகும்போது எனக்குத் தெரியாத பத்துப் பதினைந்து பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அக்காவின் கணவர் தேவன் அண்ணன் பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அவர் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்கும் நேரம். ஆகவே அந்த வீட்டில் நானும் அக்காவும்தான். எங்களோடு, சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, பின்தோட்டத்தை முழுக்க அடைத்துக்கொண்டு ஓர் ஆஷ் மரம்.

ஜூன் மாதம். வரும் வழியில் பார்த்த எல்லா மரங்களும் தழைத்து நின்றன. இது மட்டும் உச்சியில் மொட்டையாக, விரல்களை விரித்த மாதிரி காய்ந்த கிளைகளோடு நின்றது. கீழே ஒரே ஒரு கிளையில் பச்சை இருந்தது.

அன்று இரவு உணவு புட்டும் மீன்குழம்பும். யாழ்ப்பாணத் தூளின் காரம் எனக்குக் காதுவரை ஏறியது. அக்கா தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டு, இந்தியப் பிள்ளையளுக்கு உறைப்புத் தாங்காது என்று மரத்தைப் பார்த்துச் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலையில் மரத்தைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். இடுப்பில் கயிறு, கொக்கி, கை முழுக்கப் பச்சை குத்தல். இந்த ஊரில் மரம் வெட்டுகிறவரை மர வைத்தியர் என்கிற மாதிரியான பெயரில்தான் அழைக்கிறார்கள். அவர் ஒரு சுத்தியலால் அடிமரத்தைத் தட்டித் தட்டிக் கேட்டார். நாடு முழுவதும் ஆஷ் மரங்களுக்கு வந்திருக்கும் பூஞ்சை நோய் இது, இந்த நோய் வந்த மரம் அப்பளம் மாதிரி ஆகிவிடும், ஏறினால் என்னையும் கூட்டிக்கொண்டு கீழே வரும் என்றார். அப்பளம் நான் சேர்த்தது. அவர் பிஸ்கட் என்றார். காய்ந்த கிளைகள் வேலிக்கு அந்தப் பக்கம் நீண்டிருந்தன. அங்கே பஞ்சாபிக் குடும்பத்துப் பிள்ளைகள் குதித்து விளையாடும் வலைமேடை ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை காலை வெட்டலாம், அதை விட்டால் இலையுதிர்காலத்தில்தான் நாள் இருக்கிறது, அதுவரை மரம் காத்திருக்காது என்று சொல்லிவிட்டுத் தொலைநோக்கியை எடுத்தார்.

"மேலே யாராவது குடியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்" என்றார்.

அவர் சொன்னது பறவைகளை. கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் வெட்டக்கூடாது என்று இங்கே சட்டம். வெகுநேரம் பார்த்தார். கூடு இல்லை. தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"குருவியைக் கேட்டிட்டுப் போறான். அவளை ஆர் கேக்கிறது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிரேக்கப் பெண்களைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கவில்லை. எவளை என்று கேட்டேன். அக்கா ஜன்னலைக் காட்டினார். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் மகள் பள்ளிக்கூடத்தில், கணவர் வேலையில். ஜெர்மனியில் கஷ்டப்பட்டுப் படித்த மொழி இங்கே பிரயோசனம் இல்லாமல் போனது. இங்கத்தைய மொழி வாயில் வரவில்லை. சமைத்துக்கொண்டே அக்கா அந்த மரத்தோடு பேசத் தொடங்கினார். பத்து வருடத்துக்கு மேலாகப் பேசுகிறார். பைத்தியம் என்று நினைக்காதேயும் என்று என்னிடம் சொன்னார். மரத்தை வெட்டத்தான் வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் தலையில் விழுந்தால் யார் பதில் சொல்வது, அது அவருக்குத் தெரியும். ஆனால் உள்ளே ஒருத்தி இருக்கும்போது மரம் அறுக்கும் வாளைப் போட விடமாட்டார். வெள்ளிக்கிழமைக்குள் அதற்கு ஒரு வழி வேண்டும்.

எனக்கு ஒரே சந்தோஷம். இதற்கு எங்களிடம் வழி இருக்கிறது என்றேன். எங்கள் பக்கத்தில் பெரிய மரத்தை வெட்டுவதற்கு முதல்நாள் மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில், அப்பா போய்க் கோடரியின் பின்பக்கத்தால் அடிமரத்தில் மூன்று தட்டுத் தட்டுவார். உள்ளே இருப்பவர்களிடம் நாளைக்கு வெட்டப்போகிறோம், வேறு இடம் போய்விடுங்கள், எங்கள்மேல் கோபம் வேண்டாம் என்று சொல்வார். மறுநாள்தான் வெட்டு. கோடரி எடுக்கிறவர்தான் அதைச் சொல்ல வேண்டும், பெண்கள் சொல்வதில்லை. ஆனால் நான் படித்தவள், எனக்கு அந்த உரிமை உண்டு என்று நானே எடுத்துக்கொண்டேன். வியாழக்கிழமை மாலை நானே சொல்கிறேன் அக்கா என்றேன். அக்காவின் முகம் தெளிந்தது.

அன்று மத்தியானம் நகரத்துக்குள் இருக்கும் பெரிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். கிரேக்கக் குடங்களும் கிண்ணங்களும் அறை அறையாக இருந்தன. போர்வீரர்கள், குதிரைகள், மதுக்கிண்ணத்தோடு சாய்ந்திருப்பவர்கள். மரத்துப் பெண்ணைக் காணவில்லை. அவளுக்கு அடையாளம் கிடையாது என்பதுதான் சிக்கல். கடலில் இருப்பவளுக்கு மீன் வரைவார்கள், வேட்டைக்காரிக்கு வில் கொடுப்பார்கள். மரத்துக்குள் இருப்பவள் வெளியே வந்தால் மற்றப் பெண்களைப் போலத்தான் இருப்பாள். ஒரு குடத்தில் மரத்தடியில் ஒரு பெண் நின்றாள். அவளா, சும்மா நிழலுக்கு ஒதுங்கியவளா என்று யாருக்குத் தெரியும். காவலாளியிடம் கேட்டேன். "அட்டையில் எழுதாவிட்டால் எங்களுக்கும் தெரியாது அம்மணி" என்றார். அன்று முழுவதும் வெளியே என்னிடம் பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

பசிக்கு ஒரு கடையில் சாண்ட்விச் வாங்கினேன். ஐஸ்பெட்டியில் இருந்து எடுத்த ரொட்டி, அதற்குள் ஐஸ்பெட்டிக் கோழி. எங்கள் ஊரில் ஆறிப்போன சோற்றை விருந்தாளிக்குப் போட்டால் ஏழு தலைமுறைக்குப் பேசுவார்கள். இங்கே அதை முக்கோணமாக வெட்டிப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து தின்றேன். என்னைச் சுற்றிப் பத்துப் பேர் அதேபோல் உட்கார்ந்து அதையே தின்றார்கள். எல்லோரும் தனியாக.

புதன்கிழமை என் பேச்சு. நாற்பது நாற்காலிகள் போட்ட அறையில் பாதிக்குமேல் ஆள் இருந்தார்கள். அம்மாவின் மாம்பழ நிறப் பட்டுப் புடவையைக் கட்டியிருந்தேன். ஒரு கிரேக்கக் கதையோடு தொடங்கினேன். ஓர் அரசன் தெய்வத்துக்கு உரிய ஓக் மரத்தை வெட்டுகிறான். முதல் வெட்டில் மரத்திலிருந்து ரத்தம் வருகிறது. உள்ளே இருந்தவள் சாகும்போது சாபம் கொடுக்கிறாள். அவனுக்குத் தீராப் பசி வருகிறது. ஊரைத் தின்று, சொத்தைத் தின்று, கடைசியில் தன்னையே தின்று முடிக்கிறான். இதற்கு நேர் எதிராக எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். கிரேக்கத்தில் அவள் மரத்தோடு சாகிறாள். எங்களிடம் அவளுக்கு முன்கூட்டியே சொல்லப்படுகிறது, அவள் எழுந்து போகலாம். கருணையை ஒரு நடைமுறையாகவே ஆக்கி வைத்திருக்கிறோம் என்று முடித்தேன். தகவல் தந்தவர் என் தந்தை, தொழில் மரம் வெட்டுதல் என்று திரையில் பெரிய எழுத்தில் போட்டேன்.

நன்றாகக் கைதட்டினார்கள். தலைமை வகித்த அம்மையார், இவ்வளவு மனிதத்தன்மையான வழக்கத்தைத் தாம் கேட்டதே இல்லை என்றார். கட்டுரையாக எழுதித் தந்தால் தொகுப்பில் சேர்ப்பதாகவும் சொன்னார். எனக்குத் தலை கூரையை இடித்தது.

பிறகு எல்லோரும் கிளம்பினார்கள். நீயும் வருகிறாயா என்று ஒருவர் கேட்டார். கேட்கும்போதே அவருடைய கால்கள் வாசலைத் தாண்டிவிட்டன. நான் பையை எடுத்து, புடவை மடிப்பைச் சரிசெய்து வெளியே வருவதற்குள் தெருவில் யாரும் இல்லை. மூலையில் இருந்த மதுக்கடைக்குள் அவர்களுடைய சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே போயிருக்கலாம். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், எல்லோரும் வட்டமாக நின்றிருந்தார்கள். அந்த வட்டத்தை எங்கே தட்டிக் கதவு திறக்கச் சொல்வது என்று தெரியவில்லை.

எலிசபெத் லைன் ரயிலில் ஏறினேன். கிழக்கே போகும் வண்டிகள் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகின்றன என்பது தெரியும், கவனிக்கவில்லை. இல்ஃபோர்ட் வரும் வரும் என்று உட்கார்ந்திருந்தவள் அபே வுட் என்ற கடைசி நிலையத்தில் இறக்கப்பட்டேன். பெயரில்தான் காடு இருக்கிறது. நடைமேடையில் பட்டுப் புடவையோடு நான் மட்டும் நின்றேன். அம்மாவுக்கு ஃபோன் செய்து கைதட்டலைப் பற்றிச் சொன்னேன். எங்கே நிற்கிறேன் என்பதைச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பகல் முழுவதும் இல்ஃபோர்டிலேயே சுற்றினேன். தமிழ்க்கடையில் கொத்துரொட்டி தட்டும் சத்தம் கேட்டதும் எங்கள் பேருந்து நிலையத்துப் பரோட்டாக் கடை நினைவு வந்தது. உள்ளே போனேன். எதிர்மேசையில் இரண்டு பெரியவர்கள் கவுன்சில் வரியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் என் பேச்சைக் கேட்டதும் இந்தியாவோ என்றார், ஆமா என்றேன். அதோடு முடிந்தது. கொத்து நன்றாக இருந்தது. நான் தேவைக்கு மேல் மெதுவாகச் சாப்பிட்டேன்.

மாலையில் ஒரு பிரச்சினை. விளக்கு வைக்கும் நேரம் என்றால் இங்கே எது? ஜூனில் ஒன்பது மணிக்கும் வெயில் அடிக்கிறது. சூரியன் போகும்வரை காத்திருந்தால் அவள் எப்போது கிளம்புவாள் என்று அக்கா கவலைப்பட்டார். கடிகாரத்தைப் பார்த்து ஆறு மணி என்று முடிவு செய்தோம். தேவன் அண்ணனும் ஷிப்டுக்குப் போகும் உடுப்போடு தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். கோடரி இல்லை. தேங்காய் உடைக்கும் கத்தியைக் கொண்டுபோனேன்.

கத்தியின் முதுகால் மூன்று தட்டினேன். அப்பாவின் குரல் எனக்குள் வந்தது. அவர் பேசுகிறபடியே சொன்னேன்.

"இதுல இருக்கறவங்க யாரா இருந்தாலும் சரி, நாளைக்கு இந்த மரத்த வெட்டப்போறோம். விடியறதுக்குள்ள வேற எடம் பாத்துக்கங்க—"

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நில்லும். ஒரு இரவுதானோ குடுக்கிறனியள்?"

அதுதான் வழக்கம் என்றேன். அக்கா கையை விட்டார். பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தார்.

"எங்களுக்கும் உப்பிடித்தான். சண்டை நேரம், யாழ்ப்பாணத்திலை ஒரு பின்னேரம் ஸ்பீக்கரிலை வந்து சொன்னவை, விடியிறதுக்கிடையிலை ஊரை விட்டு வெளிக்கிடச் சொல்லி. எங்கை போறதெண்டு சொல்லேல்லை. மழை வேறை. அடுப்பிலை சோறு."

தேவன் அண்ணன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றேன். நேற்று அத்தனை பேர் முன்னால் கருணை என்று சொன்ன சொல் வாயில் வேப்பங்காய் மாதிரி இருந்தது. என் கட்டுரையின் கடைசிப் பக்கம் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. ஆனால் அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பாதியில் நின்ற வாக்கியத்தை என்ன செய்வது என்பதுதான் பெரிதாக இருந்தது. சொல்ல ஆரம்பித்தாயிற்று. காலையில் ஆள் வந்துவிடுவார்.

அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். படுத்துவிட்டிருந்தார். ஒரு ராத்திரிக்கு மேல் கொடுக்க வழியிருக்கிறதா என்று கேட்டேன். எல்லோருக்கும் கேட்கும்படி ஃபோனைப் பிடித்தேன்.

"எதுக்கு ஜாஸ்தி? அதுங்களுக்கு என்ன, மூட்டையா முடிச்சா?"

அக்கா படியில் இருந்தபடியே ஃபோனைப் பார்த்துப் பேசினார். "மூட்டை இல்லாட்டிலும், ஐயா, போறதுக்கு ஒரு இடம் வேணுமெல்லோ."

அப்பா பாயில் எழுந்து உட்கார்ந்தார் போலிருந்தது. ஊரில் நாய் குரைப்பது கேட்டது. "பக்கத்துல மரம் இருக்கும்ங்களே, அதுல போயிக்கும்னு விட்டுர்றது" என்றார். இந்த வீட்டுக்குப் பக்கத்தில் வேறு மரம் இல்லை. வேலி, வலைமேடை, அடுத்த வேலி. அதை அவருக்குச் சொன்னேன். அப்படியானால் தனக்குத் தெரியவில்லை என்றார்.

அக்கா எழுந்து சேலையை உதறினார். அவர் போகும் அம்மன் கோயிலில் திருப்பணி நடந்தபோது பாலாலயம் செய்ததைப் பார்த்திருக்கிறாராம். கருவறையில் வேலை முடியும்வரை அம்மனை ஒரு கும்பத்துத் தண்ணீரில் எழுந்தருளச் செய்து வேறு இடத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். அம்மனே செம்பில் போகலாம் என்றால் இவள் போகமாட்டாளா? இரவு முழுக்கச் செம்பை மரத்தடியில் வைப்பது, காலையில் எடுத்துக்கொண்டு போய் வேறு மரத்தடியில் ஊற்றுவது. ஐயர் வேண்டாம், மந்திரம் வேண்டாம். "எனக்கும் அவளுக்கும் இடையிலை ஐயர் என்னத்துக்கு?"

"பஸ்ஸிலை போனால் அவவுக்கு டிக்கெட் ஆர் எடுக்கிறது?" என்றார் தேவன் அண்ணன். சொல்லிவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தார். வேலைக்குப் போகும் வழியில் எங்களைப் பூங்காவில் இறக்கிவிட்டார்.

அந்த மாலையில் நானும் வசந்தி அக்காவும் பூங்கா முழுவதும் வீடு பார்த்தோம். அப்படித்தான் சொல்ல வேண்டும். வாசலருகே இருந்த பெரிய மரம் வேண்டாம், கார்ப் புகையும் சத்தமும். தேநீர்க் கடையை ஒட்டிய மரத்தடியில் எந்நேரமும் சனம் இருக்கும், அவளுக்குக் கூச்சம். குளத்தங்கரை வில்லோ மரத்தை அக்கா தூரத்திலிருந்தே தள்ளிவிட்டார். "அழுதுகொண்டு நிக்கிற மரம், போற அண்டைக்கே அவளும் அழத் துவங்கிடுவாள்." இன்னொன்று இளமரம், அதற்குப் பொறுப்புக் கொடுக்க ஏலாது. கடைசியில் புல்வெளியின் மேட்டில் தனியாக நின்ற ஓக் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடிமரத்தில் கை வைத்தார். வெயில் பார்த்தார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தார்.

நான் படித்தவளாயிற்றே. கிரேக்கர் கணக்குப்படி ஆஷ் மரத்தவர்களுக்குத் தனிப்பெயர், ஓக் மரத்தவர்களுக்குத் தனிப்பெயர், ஆஷ் மரத்தவள் ஓக் மரத்துக்குப் போக முடியுமா என்பது சந்தேகம் என்றேன்.

அக்கா திரும்பிப் பார்த்தார். "அதுக்குள்ளையும் சாதியோ பிள்ளை?"

எங்கள் ஊரில் எந்தத் தெருவில் எங்களுக்கு வீடு கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். அதைப் போய் இந்தப் பூங்காவில் நான் கேட்டிருக்கிறேன்.

திரும்பி வந்ததும் பெரிய பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் துலக்கித் தண்ணீர் நிரப்பினேன். மாவிலைக்குப் பதில் அந்த ஒற்றைப் பச்சைக் கிளையிலிருந்து கொத்தாக இலை பறித்துச் செருகினோம். மேலே தேங்காய். மரத்தடியில் வைத்து அக்கா குனிந்து ஏதோ பேசினார். நான் உள்ளே போய்விட்டேன். பாதியில் நிறுத்திய வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அக்காதான் தன் பாஷையில் முடித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை. அன்று மாலை எனக்கு விமானம். காலையில் தேவன் அண்ணன் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. மரக்காரர் வந்தால் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட அக்கா வீட்டில் இருந்தாக வேண்டும். அதைவிட, வெட்டும்போது மரத்துக்குப் பக்கத்தில் தான் இருக்க வேண்டும் என்றும் நினைத்தார் போலிருக்கிறது. செம்பைத் தூக்கி என் இடுப்பில் வைத்தார்.

"நிலத்திலை வைக்காதையும். எங்கை வைக்கிறீரோ அங்கையே இருந்திடுவாள்."

பேருந்தில் ஏறி ஒரு கையால் பயண அட்டையைத் தேய்த்தேன். ஓட்டுநர் செம்பையும் இலையையும் தேங்காயையும் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். லண்டனில் இது ஒரு வசதி, யாரும் எதையும் கேட்பதில்லை. இந்த வாரம் முழுக்க அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இன்று உதவியாக இருந்தது. ஆனால் இன்று பார்த்து ஒருவர் கேட்டார். தள்ளுவண்டிப் பையோடு உட்கார்ந்திருந்த கறுப்பினப் பாட்டி.

"அது சூப்பா கண்ணே?"

இல்லை, ஒருவர் வீடு மாறிப் போகிறார் என்றேன். அதைவிட நீளமாகச் சொல்ல ஆங்கிலம் வரவில்லை.

"எங்கே?"

"பூங்காவுக்கு."

"நல்ல இடம்" என்றார். "வாடகை குறைவு."

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. என்னால்தான் அடக்க முடியவில்லை. இந்த ஊருக்கு வந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. தண்ணீர் கொஞ்சம் தளும்பி என் சேலையில் விழுந்தது. பாட்டி தன் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனார்.

பாதி வழியில் பேருந்து நின்றது. இந்த வண்டி இங்கேயே முடிகிறது, எல்லோரும் இறங்குங்கள், உங்கள் உடைமைகளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள் என்று ஒரு பெண்ணின் குரல் ஒலித்தது. காரணம் சொல்லவில்லை. இந்த ஊர்க்காரர்கள் முணுமுணுக்கக்கூட இல்லை, இறங்கி அடுத்த வண்டிக்கு வரிசையில் நின்றார்கள். என்னால் நிற்க முடியவில்லை. செம்பு கனத்தது. ஓரிடத்தில் நிற்கும்போது இடுப்பிலிருந்து நழுவுகிற மாதிரி இருந்தது. நடந்தால் பரவாயில்லை. நடந்தேன்.

கடைகள் திறந்துகொண்டிருந்தன. அலுவலகம் போகிறவர்கள் எதிரே வேகமாக வந்து இரண்டாகப் பிரிந்து என்னைத் தாண்டிப் போனார்கள். கை மரத்துப்போனது. ஒரு வீட்டு மதில் சரியான உயரத்தில் இருந்தது. அதன்மேல் ஒரு நிமிடம் வைத்தால் என்ன என்று தோன்றியது. மதில் நிலமில்லைதானே. நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. செம்பில் இருப்பது லண்டன் குழாய்த் தண்ணீர். இருந்தும் வைக்கவில்லை. யாரோ ஒருவருடைய மதிலில், பெயர் தெரியாத தெருவில், அவள் காலம் முழுக்க உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அபே வுட் நடைமேடையில் நின்றது நினைவுக்கு வந்தது. இடுப்பை மாற்றிக்கொண்டு நடந்தேன். கிட்டத்தில்தான், இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று சத்தமாகவே சொன்னேன்.

மேட்டில் ஓக் மரம் நின்றது. புல்லில் பனி ஈரம். தூரத்தில் ஒரு பெண் நாயோடு நடந்துகொண்டிருந்தார். தேங்காயையும் இலைக்கொத்தையும் எடுத்து வேரின் மடிப்பில் வைத்தேன். தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றினேன். மண் உடனே குடித்துவிட்டது. அந்நேரம் இல்ஃபோர்டில் வாள் ஓடத் தொடங்கியிருக்கும்.

இப்போது ஏதாவது சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் போகச் சொல்வதற்குத்தான் சொல் இருக்கிறது. அப்பா, அவருடைய அப்பா, அவருக்கும் முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் அதை மட்டுமே சொல்லி வந்திருக்கிறார்கள். போனவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று யாரும் பின்னாலேயே போய்ப் பார்த்ததில்லை. சேரும் இடத்தில் சொல்ல வேண்டியதை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நான் படித்த எந்தப் பக்கத்திலும் அது இல்லை.

காலி செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். பிறகு, வீட்டு வாசலில் யாராவது வந்து நின்றால் சொல்வதைச் சொன்னேன். "வாங்க" என்றேன். அது சரியாக இல்லை. பத்து வருடத்துக்கு மேலாக அவள் காதில் விழுந்தது எங்கள் ஊர்த் தமிழ் இல்லை.

"வாங்கோ" என்றேன். "உள்ளுக்கு வாங்கோ."